எந்தக் குழாயில் வருகிறது? வீட்டுத் தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், 'எந்த ஃபில்டர் நல்லது?' என்றுதான் தொடங்குகின்றன. கோளாறு எங்கே என்று பார்க்குமுன் ஃபில்டரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து முதலில் ஒரு சோதனை.

மலேசியாவில் நம் தரை வீடுகளில் சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் பெரும்பாலும் தெருவிலிருந்து நேரே வரும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் கூரைக்கடியில் உள்ள தொட்டி வழியாக வரும். உங்கள் வீட்டில் எது எப்படி என்று தெரியாவிட்டால், மீட்டர் பக்கத்து ஸ்டாப்காக்கை (தெருத் தண்ணீரை நிறுத்தும் வால்வை) மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். சில நொடியில் நின்றுபோவது நேர்க்குழாய், தொடர்ந்து ஓடுவது தொட்டிக்குழாய். ஸ்டாப்காக்கைத் திறந்துவிட்டு இரண்டிலும் ஒவ்வொரு கண்ணாடித் தம்ளர் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். இரண்டும் கலங்கலாக இருந்தால் கோளாறு தெருப்பக்கம். தொட்டிக்குழாய் மட்டும் கலங்கலாக இருந்தால் தொட்டியைப் பாருங்கள். ஒரே ஒரு குழாயில் மட்டும் என்றால் அந்தக் குழாயும் அதற்குப் போகும் ஹோஸும்தான் காரணம். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், காசு செலவில்லை.

தண்ணீர்த் தடை முடிந்து குழாயைத் திறந்தால் டீத்தண்ணீர் மாதிரி வருகிறது. போன தடவை தெரியாமல் வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டேன். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, அப்பாவின் வேட்டி எல்லாம் மஞ்சளாகிவிட்டன. பிளீச்சில் ஊறவைத்தேன், கறை இன்னும் அழுத்தமாகிவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, செந்தூல்

முதலில் துணி. அது இரும்புக்கறை. பிளீச் இரும்பை மேலும் துருவாக்கி நூலிலேயே பிடித்துவைத்துவிடும், அதனால்தான் கறை அழுத்தமானது. இரும்புக்கறைக்குப் புளிப்புதான் மருந்து. கேக் சாமான் விற்கும் கடைகளில் சிட்ரிக் அமிலம் பொடியாகக் கிடைக்கும். 5 லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி கரைத்து, துணியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். தேவைப்பட்டால் மறுபடியும் ஒருமுறை. இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். துணியில் பிளீச் மிச்சம் இருக்கும்போது அமிலத்தில் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். முன்பே தண்ணீரில் பலமுறை அலசிவிட்டுத்தான் போட வேண்டும். அடுத்தது, பட்டுத் துணியையும் ஜரிகை வைத்த வேட்டியையும் இதில் நனைக்காதீர்கள். கறை போகும்வரை எந்தத் துணியையும் வெயிலில் காயவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். காய்ந்த துருவை எடுப்பது இரட்டிப்பு வேலை.

இனி தண்ணீர். தெருக்குழாயின் உள்சுவரில் துரு, மாங்கனீசு, நுண்ணிய களிமண் எல்லாம் ஆண்டுக்கணக்கில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். தண்ணீர் ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடும்வரை அது அசையாது. தடைக்குப் பிறகு காலிக் குழாயில் தண்ணீர் பாயும்போது வேகம் கூடும், சில இடங்களில் திசையும் மாறும். படலம் பெயர்ந்து வந்துவிடும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆறு மாசுபட்டுச் சிலாங்கூரில் 4 சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோதும், 2024 ஜனவரியில் பினாங்கின் சுங்கை டுவா நிலையத்தில் வால்வு மாற்றத் தண்ணீரை நிறுத்தியபோதும் தடை நாள்கணக்கில் நீடித்தது. அப்படிப்பட்ட நீண்ட தடைக்குப் பின் வரும் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

தடை அறிவித்த அன்றே, தொட்டிக்கு ஏறும் குழாயின் வால்வை எங்கே மூடுவது என்று பார்த்துவையுங்கள். தண்ணீர் திரும்பும் நேரத்தில் அது மூடியிருக்க வேண்டும். ஃபில்டர் இருந்தால் அதையும் பைபாஸில் (தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் விலகிப் போகும் நிலையில்) வையுங்கள். பிறகு வாசல் குழாயை, மீட்டருக்கு மிக அருகில் உள்ளதை, முழுதாகத் திறந்துவிடுங்கள். வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். அடி தெளிவாகத் தெரியும்வரை ஓடட்டும். சில வீடுகளில் 10 நிமிடம் பிடிக்கும், சில வீடுகளில் அரை மணி நேரம். வாளித் தண்ணீர் கழிப்பறைக்கும் செடிக்கும் ஆகும். அடுத்து சமையலறைக் குழாய். அதன் நுனியில் உள்ள சல்லடையைத் திருகிக் கழற்றிவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் துரு அதில் அடைத்துக்கொள்ளும். கடைசியாகத் தொட்டியின் வால்வைத் திறங்கள்.

அன்று மாலை வாட்டர் ஹீட்டர் சூடாகவில்லை என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுமுன், ஹீட்டருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு சல்லடையைக் கழுவிப் பாருங்கள். ஓட்டம் குறைந்தால் உடனடி ஹீட்டர் தானாகவே நின்றுவிடும். வாஷிங் மெஷினின் ஹோஸ் சேரும் இடத்திலும் இப்படி ஒரு சல்லடை உண்டு. ஒரு முழு நாள் கழிந்தும் வாசல் குழாயில் கலங்கல் தெளியவில்லை என்றால் தண்ணீர் நிறுவனத்துக்குப் புகார் செய்யுங்கள். தெருக்குழாயைத் திறந்து கழுவிவிடுவது அவர்கள் வேலை.

விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து எங்கள் குழாய்த் தண்ணீரில் மின்சாரக் கம்பிகளை விட்டார். ஒரு நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர் இயந்திரத்துத் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. பயத்தில் மாதத் தவணையில் ஒப்பந்தம் போட்டுவிட்டோம். சரியா?
– வாசகர், பூச்சோங்

அந்தச் சோதனை தண்ணீரின் அழுக்கைக் காட்டவில்லை, கம்பியின் இரும்பைத்தான் காட்டியது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் சிறிதளவு கரைந்திருக்கும், அதனால் மின்சாரம் பாயும். பாய்ந்ததும் இரும்புக்கம்பி கரைந்து, துருவாகித் திரளும். நீங்கள் பார்த்த சாக்கடை நிறம் அதுதான். ஆர்ஓ இயந்திரத்துத் (நுண்சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் இயந்திரத்துத்) தண்ணீரில் உப்பு ஏறத்தாழ இல்லை, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, கம்பி கரையாது. அவர் மறுபடியும் வந்தால் அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

இன்னொரு வித்தை, சொட்டு மருந்து விட்டு மஞ்சளாக்கிக் காட்டுவது. அது குளோரினைக் காட்டும் மருந்து. குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கத்தான் வேண்டும். நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தில் அது லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம்வரை. மஞ்சள் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

மூன்றாவது, பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர். கரைந்த உப்பின் மொத்த அளவை மின்கடத்தலை வைத்துக் கணிக்கும் கருவி அது. கிருமியைக் காட்டாது, பூச்சிக்கொல்லியைக் காட்டாது. ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லிகிராமுக்குக் கீழே எண்ணத் தெரியாத கருவியில் அது எப்படித் தெரியும்? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நாம் குடிப்பது ஆற்றுநீர். அதன் எண் பெரும்பாலும் 100க்குள் இருக்கும், வரம்போ 1000. உப்பே அதிகம் இல்லாத தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் இயந்திரம் எதற்கு? பல்லுக்காக நம் தண்ணீரில் லிட்டருக்குச் சேர்க்கும் 0.4 முதல் 0.6 மில்லிகிராம் ஃப்ளூரைடும் அதோடு பெரும்பகுதி போய்விடும். ஆர்ஓ கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. உப்புக்கரிக்கும் கிணற்றுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. உங்கள் வீட்டுக்கு அது வேண்டியதில்லை.

குளோரின் வாசம் பிடிக்கவில்லை என்றால் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் 0.5 அல்லது 1 மைக்ரான் கார்பன் பிளாக் (அழுத்திய கரித்தூள் ஃபில்டர்) ஒன்று போதும். பெட்டியில் என்எஸ்எஃப் 42 (ஃபில்டர் சோதனைத் தர எண்) என்றிருந்தால் குளோரின் வாசத்துக்குச் சோதித்தது. ஈயத்துக்கும் வேண்டும் என்றால் 53 என்ற எண்ணையும், அதில் ஈயம் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கார்பன் குளோரினை உறிஞ்சியபின் உள்ளே கிருமி வளரத் தடையில்லை. ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் அளவோ 6 மாதமோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிறகு குடியுங்கள்.

ஒப்பந்தம் பற்றி: வீடு தேடி வந்து செய்யும் நேரடி விற்பனைக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் 10 வேலைநாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். தேதியைப் பாருங்கள், இன்றே எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். நாள் கடந்துவிட்டது என்றால் இடையில் நிறுத்த எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பகுதியைப் படித்து, மிச்சத் தவணையோடு கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் பால்போல் வெள்ளையாக வருகிறது. குளோரின் அதிகமா?
– வாசகி, பட்டர்வொர்த்

குளோரினுக்கு நிறம் தெரியாது. கண்ணாடித் தம்ளரில் பிடித்து இரண்டு நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக்குமிழி, குழாயில் அழுத்தம் மாறியபோது கரைந்த காற்று. தாராளமாகக் குடிக்கலாம். மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் வெள்ளைப் பொடி தங்கினால் வண்டல். தங்கியதைப் படம் எடுத்துத் தண்ணீர் நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

14ஆவது மாடியில் இருக்கிறோம். குழாயில் கறுப்புத் துகள்கள் வருகின்றன, பாசி வாசமும் அடிக்கிறது. நிர்வாகத்தைக் கேட்டால் 'தண்ணீர் கம்பெனியைக் கேளுங்கள்' என்கிறார்கள்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அடுக்குமாடியில் தண்ணீர் தெருவிலிருந்து தரைமட்டத் தொட்டிக்கு வந்து, பம்ப் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி உங்களிடம் வருகிறது. இரண்டு தொட்டியிலும் தங்கி வருவதால் அது ஒருநாள் இரண்டுநாள் பழைய தண்ணீராக இருக்கலாம். வெயிலில் சூடான தொட்டியில் குளோரின் அதற்குள் குறைந்துபோகும். பொதுத் தொட்டியும் பொதுக் குழாயும் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி அவற்றைப் பராமரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. உங்கள் மாதக் கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான்.

அதற்காக உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கறுப்பு எது என்று முதலில் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் துகளை வைத்து விரலால் தேயுங்கள். மைபோல் இழுபட்டால் அது ரப்பர். முகம் கழுவும் தொட்டிக்கடியில் உள்ள பின்னிய ஃப்ளெக்சிபிள் ஹோஸின் உட்குழல் குளோரின் பட்டு உதிர்கிறது. அது உங்கள் வீட்டுக் கோளாறு. ஹோஸை மாற்றினால் தீர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, வெடித்தால் கீழ்வீடும் நனையும். நொறுநொறுவென்று கடினமாக, காந்தத்தில் ஒட்டினால் துரு. வழவழவென்று பசைபோல் இருந்தால் மாங்கனீசும் கிருமிப்படலமும் கலந்தது. அது பெரும்பாலும் தொட்டியிலிருந்தோ குழாய் நுனியிலிருந்தோதான் வரும்.

பிறகு மேல்வீடு, கீழ்வீடு இரண்டிலும் கேளுங்கள். அவர்களுக்கும் வந்தால் எழுத்தில் கேட்க வேண்டியவை: தொட்டி கடைசியாகக் கழுவிய தேதி, கழுவியபோது எடுத்த படங்கள், மூடியும் கொசுவலையும் சரியாக உள்ளனவா, குழாயில் மிஞ்சிய குளோரின் எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு நீங்களே ஆதாரம் தரலாம். நீச்சல் குளச் சாமான் கடையில் குளோரின் அளக்கும் டிபிடி மருந்து கிடைக்கும், தண்ணீரில் இளஞ்சிவப்பாக மாறும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். 0.2க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணைக் கடிதத்தில் போடுங்கள். 'வாசம் அடிக்கிறது' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள், எண்ணோடும் தேதியோடும் எழுதினால் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்.

வீட்டுத் தொட்டியை நாமே கழுவலாமா? 200 கேலன் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்?
– வாசகர், கெப்போங்

கழுவலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். ஆனால் மேலே ஏறுமுன் பாதுகாப்பைச் சொல்லிவிடுகிறேன். 200 கேலன் தொட்டி நிறைந்தால் 900 கிலோ. அது நிற்பது உத்தரத்தின்மேல், கூரைத்தட்டின்மேல் அல்ல. நீங்களும் உத்தரத்தின்மேல் மட்டுமே கால் வையுங்கள். வீட்டில் ஒருவர் கீழே நிற்கட்டும். கைவிட்டுத் தேய்க்க எட்டாத பெரிய தொட்டிக்குள் இறங்காதீர்கள், அதற்கு ஆள் கூப்பிடுங்கள். ஹீட்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

தொட்டிக்கு ஏறும் வால்வை முதல்நாள் இரவே மூடி, அடியில் ஒரு சாண் தண்ணீர் மிஞ்சும்வரை பயன்படுத்தித் தீருங்கள். வெளியேறும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். இதை மறந்தால் வண்டல் முழுதும் வீட்டுக் குழாய்களில் இறங்கி, பிறகு ஒவ்வொரு குழாயாகக் கழற்ற நேரிடும். மெத்தென்ற பிரஷால் சுவரையும் அடியையும் தேயுங்கள். சோப்பு வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி என்றால் கம்பிப் பிரஷ் கூடவே கூடாது, கீறிய இடத்தில் துரு வரும். சேற்றுத் தண்ணீரைக் கழிவு வால்வு இருந்தால் அதன் வழியாகவும், இல்லாவிட்டால் குவளையால் மொண்டும் வெளியேற்றுங்கள். இரண்டு முறை அலசுங்கள்.

பிளீச் கணக்கு இதுதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 900 லிட்டருக்கு 45 கிராம். 5 விழுக்காட்டு பிளீச் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். ஆகவே 900 மில்லிலிட்டர். 150 கேலன் தொட்டிக்கு 700 மில்லிலிட்டர் போதும். வாசனை சேர்க்காத, சோப்பு கலக்காத பிளீச்சாகப் பாருங்கள். நம் வெயிலில் பிளீச் சீக்கிரம் வலுவிழக்கும், போன ஆண்டுப் பாட்டிலை நம்ப வேண்டாம். அடைத்த துணியை எடுத்துவிட்டு, தொட்டி பாதி நிறைந்ததும் பிளீச்சை ஊற்றி மிச்சத்தை நிரப்புங்கள். வீட்டில் ஒவ்வொரு தொட்டிக்குழாயையும் பிளீச் வாசம் வரும்வரை திறந்து மூடுங்கள், குழாய்களும் சுத்தமாகும். 6 மணி நேரம் விட்டுவிட்டு, அத்தனையும் வெளியேற்றி, புதுத் தண்ணீரால் நிரப்பி, வாசம் சாதாரணக் குழாய்த் தண்ணீர் அளவுக்கு வரும்வரை ஓடவிடுங்கள். அதுவரை யாரும் அந்தத் தண்ணீரில் பல் துலக்கவோ குளிக்கவோ வேண்டாம். மீன்குளத்துப் பக்கம் வடியவிடாதீர்கள்.

இறங்குமுன் மூடி இறுக்கமாக உட்கார்கிறதா, நிரம்பி வழியும் குழாயின் வாயில் நுண்வலை இருக்கிறதா என்று பாருங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஓட்டையே போதும். பல்லியும் எலியும் விழுவதும் அந்த வழியாகத்தான்.

குளியலறை ஓரத்தில் ரோஜா நிறப் படலம் படிகிறது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?
– வாசகி, ஸ்தாப்பாக்

தண்ணீரில் ஒன்றும் கலக்கவில்லை. காற்றில் வரும் செராட்டியா என்ற கிருமி சோப்புப் பிசுக்கைத் தின்று அங்கே வளர்கிறது. ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். இரவில் ஓரங்களைத் துடைத்து, காற்றாடியை அரை மணி ஓடவிட்டால் திரும்ப வர நாளாகும். ஃபில்டர் வாங்க வேண்டாம். குளோரினை எடுக்கும் ஃபில்டர் போட்டால் இன்னும் வேகமாக வளரும்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாசம். பச்சைத்தண்ணீர் நன்றாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சோங் பூங்கா

தொட்டி வைத்த ஹீட்டர்தானே? உள்ளே, தொட்டி அரிக்காமல் இருக்க மக்னீசியத் தண்டு ஒன்று தொங்கும். தொட்டிக்குப் பதில் அது கரையும். தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் கிருமிகளுக்கு அந்தத் தண்டு கரைவது வசதி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குளிக்கும்போது மட்டும் ஸ்விட்ச் போட்டு அணைப்பவர்கள் வீட்டில் இது அதிகம். தொட்டி முழுநாளும் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமிக்கு அதுதான் பிடித்த சூடு.

வெப்பநிலையை 65 பாகைக்கு ஏற்றி ஒரு முழு இரவு வைத்து, காலையில் எல்லா வெந்நீர்க் குழாய்களையும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீர் கையைச் சுட்டுவிடும், பிள்ளைகளையும் வயதானவர்களையும் விலக்கிவையுங்கள். பிறகு 60இல் வைத்துக்கொள்ளலாம். வாசம் திரும்ப வந்தால் பிளம்பரிடம் சொல்லி அலுமினிய–துத்தநாகத் தண்டு மாற்றுங்கள். தண்டைக் கழற்றி எடுத்துவிட்டு அப்படியே மூடச் சொல்லிச் சிலர் யோசனை கூறுவார்கள். வாசம் போகும், தொட்டியும் சீக்கிரம் ஓட்டையாகும்.

வாசலில் மணல் ஃபில்டர் போட்டு மூன்று ஆண்டாகிறது. இப்போது ஓட்டம் குறைந்துவிட்டது, அப்படியிருந்தும் தொட்டியில் சேறு.
– வாசகி, செராஸ்

மணல் அடைத்திருக்கிறது, நடுவில் ஓட்டை விழுந்து தண்ணீர் வடிகட்டாமல் பாய்கிறது. வாரம் இருமுறை பின்கழுவு (பேக்வாஷ், தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சிக் கழுவுவது) செய்யாவிட்டால் சேறும் மணலும் உருண்டையாகிவிடும். மூன்று ஆண்டு ஆனதால் மணலை மாற்றிவிடுங்கள்.

பிறகு பழக்கம்: வீட்டில் வேறு யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில், கைப்பிடியைப் பேக்வாஷில் வைத்து 3 முதல் 5 நிமிடம், வெளியே தெளிவாக வரும்வரை. அடுத்து ரின்ஸில் ஒரு நிமிடம். அதற்குப் பின்தான் ஃபில்டர். ரின்ஸைத் தவிர்த்தால் கழுவிய அழுக்கு வீட்டுக்குள் போகும். கைப்பிடியைத் திருப்புமுன் ஒவ்வொரு முறையும் தண்ணீரை மூடுங்கள். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்து, வடிகட்டாத தண்ணீர் கசிந்து கலந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. உங்கள் தொட்டிச் சேற்றுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மணல் மாற்றும்போது வால்வைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மணல் மாற்றுபவர் 'கார்பனும் சேர்த்துப் போடட்டுமா' என்று கேட்பார். தொட்டிக்கு முன்னால் வேண்டாம். குளோரின் இல்லாத தண்ணீர் தொட்டியில் நாள்கணக்கில் நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம். அழுத்தம் போதவில்லை என்று பம்ப் வைத்தால் அதைத் தொட்டிக்குப் பின்னால் வையுங்கள். தெருக்குழாயிலிருந்து நேரே உறிஞ்சுவது விதிமீறல், கசிவு உள்ள இடத்தில் மண்ணையும் சேர்த்து இழுக்கும்.

பழைய வீடு. காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறம், பிறகு தெளிந்துவிடும். வாசலில் ஃபில்டர் போட்டும் போகவில்லை.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

போகாது. துரு ஃபில்டருக்கு அப்பால், வீட்டுக்குள் இருக்கிறது. பழைய ஜிஐ பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின்) பூச்சு கரைந்துபோய், இரவெல்லாம் நிற்கும் தண்ணீரில் இரும்பு இறங்குகிறது. குழாயை மாற்றுவதுதான் தீர்வு. ஒட்டுப் போடும் வேலையாக இடையில் செம்புக் குழாய் வைக்கவிடாதீர்கள், செம்புக்கு அப்பால் உள்ள இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுமுன் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்தின் எர்த் இந்த இரும்புக் குழாயில்தான் கட்டியிருக்கும். குழாயை எடுத்தால் எர்த்தும் போய்விடும், அது உயிர்ப் பிரச்சினை. மாற்றும்வரை காலையில் முதல் வாளியைச் செடிக்கு ஊற்றுங்கள்.

எங்களுக்கு மலைத்தண்ணீர். மழை பெய்தால் கலங்கிவிடும். படிகாரம் போட்டால் சிலநாள் தெளிகிறது, சிலநாள் தெளியவில்லை. அப்படியே குடிக்கலாமா?
– வாசகர், பாலேக் பூலாவ்

அப்படியே குடிக்கக் கூடாது. ஓடும் தண்ணீர் சுத்தம் என்பது பழைய நம்பிக்கை. மேலே எலி, குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் அதே ஓடையில்தான் புழங்குகின்றன. எலிக்காய்ச்சல் வரும் வழியும் அதுதான்.

படிகாரம் சிலநாள் வேலை செய்யாததற்குக் காரணம் உண்டு. படிகாரம் திரள வேண்டுமானால் தண்ணீரில் கொஞ்சம் காரத்தன்மை இருக்க வேண்டும். மலைத்தண்ணீர் மிக மென்மையானது, மழைநாளில் இன்னும் நீர்த்துவிடும். படிகாரம் அந்தக் காரத்தைத் தின்று தீர்த்துப் புளிப்பாக்கிவிடும், பிறகு திரளாது. அப்போது இன்னும் படிகாரம் போட்டால் இன்னும் மோசமாகும். வேண்டியது சமையல் சோடா.

அளவைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். 10 கிராம் படிகாரப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். ஐந்து கண்ணாடிச் சாடிகளில் ஒவ்வொரு லிட்டர் கலங்கல் தண்ணீர் எடுத்து 1, 2, 3, 4, 5 மில்லிலிட்டர் விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி அரை மணி வையுங்கள். தெளிந்தவற்றுள் குறைந்த அளவே உங்கள் அளவு. எதுவும் தெளியாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சோடா சேர்த்து மறுபடியும் பாருங்கள். 3 மில்லிலிட்டர் சரிப்பட்டால் 200 லிட்டர் பீப்பாய்க்கு 6 கிராம் படிகாரமும் தட்டையாக ஒரு தேக்கரண்டி சோடாவும். சோடா முதலில், படிகாரம் பிறகு. அடியில் தங்கியதைக் கலக்காமல், மேலிருந்து தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

தெளிந்தது சுத்தமாகிவிடவில்லை, கிருமி கொல்லத் தயாராகியிருக்கிறது. குடிக்கவும் பல் துலக்கவும், குமிழ்விட்டுக் கொதித்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவையுங்கள். பாத்திரம் கழுவ, 200 லிட்டருக்கு 5 விழுக்காட்டு பிளீச் 20 மில்லிலிட்டர் கலந்து அரை மணி விடுங்கள். அதற்குப் பின்னும் லேசான குளோரின் வாசம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவு மறுபடியும். யூவி (கிருமி கொல்லும் புற ஊதா) விளக்கு வைப்பதாக இருந்தால் கலங்கல் தெளிந்த தண்ணீருக்கு மட்டும், விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கொதிக்கவைத்தாலும் போகாதது ஒன்று உண்டு. ஓடைக்கு மேலே டுரியான் தோட்டங்கள் இருந்தால் மருந்தடிக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி இறங்கலாம். சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், மருந்தடித்து ஒரு மழை பெய்தபின் எடுத்த தண்ணீரைக் கொடுத்து, மலக்கழிவைக் காட்டும் கிருமியான ஈகோலையும் பூச்சிக்கொல்லியும் சோதிக்கச் சொல்லுங்கள். ஈகோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிருமிச் சோதனைக்குப் போத்தலை ஆய்வகமே தரும். உள்ளே கையோ குழாயோ படாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் இருக்கும் மினரல் தண்ணீர்ப் போத்தலில் பிடித்துக் கொடுத்தால் விடையை நம்ப முடியாது.

கைக்குழந்தைக்குப் பால் மாவு கலக்க ஃபில்டர் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?
– வாசகி, பிறை

கூடாது. பச்சைத்தண்ணீர்க் குழாயில், காலை நேரமானால் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்துக் கொதிக்கவையுங்கள். ஹீட்டர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். கொதித்து அரை மணிக்குள், தண்ணீர் 70 பாகைக்குக் கீழே இறங்குமுன் மாவைக் கலக்க வேண்டும், ஏனென்றால் கிருமி மாவிலும் இருக்கலாம். பிறகு மூடிய பாட்டிலைக் குழாயடியில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காமல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.